ஒளிவிழா கேக்கில் வண்ணக் கண்ணாடி யன்னல்: மார்கழி மழைக்கு எது தாங்கும்?

மல்லாவிக் குசினி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மல்லாவியில் வீட்டிலிருந்தே கேக் ஓடர் எடுத்துச் செய்கிறேன். பிறந்தநாள் கேக்தான் அதிகம் வரும், பட்டர் ஐசிங்கும் பொண்டனும் (உருட்டி விரிக்கிற சீனி மா) கை பழகிய வேலை. இப்போது முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஒளிவிழாவுக்கு, அதாவது கிறிஸ்மஸ் விழாவுக்கு, பெரிய கேக் ஒன்று கேட்டிருக்கிறார்கள். ஓடர் தந்த ரீச்சர் ஒரு படம் அனுப்பினார். பழைய தேவாலயங்களில் இருக்கும் வண்ணக் கண்ணாடி யன்னல், கறுத்தக் கோடுகளுக்கு நடுவில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் வெளிச்சம் குடித்தது போல மினுங்குகிறது. கேக்கின் மேல்பக்கம் முழுக்க அப்படி ஒரு யன்னல் வேண்டுமாம், நடுவில் மாட்டுத்தொழுவம், மேலே விண்மீன். வெறும் கலர் ஐசிங்கால் நிரப்பினால் படம் கீறிய கேக்தான் வரும், கண்ணாடி வராது, அதுவரைக்கும் எனக்கு விளங்குகிறது. அந்த மினுக்கம் எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

தேடிப் பார்த்ததில் சீனியைக் காய்ச்சிக் கண்ணாடியாக ஊற்றுகிறார்கள், பைப்பிங் ஜெல்லுக்குக் கலர் போட்டு நிரப்புகிறார்கள், ஜெலற்றினைத் தாளாகக் காயவைக்கிறார்கள், ஐசோமோல்ட் என்றும் ஒன்று சொல்கிறார்கள். ஆனால் அந்த விளக்கங்கள் எல்லாம் குளிர் நாட்டில் ஹீற்றர் போட்ட வீட்டில் இருந்து எழுதியவை. இங்கே மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் என்றால் மூடி வைத்த உப்பே கசிகிறது. கேக் மல்லாவியில் இருந்து மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டிப் போக வேண்டும், வான் வண்டியில்தான் போகும். விழா பின்னேரம், ஆனால் கேக்கைக் காலையிலேயே மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இன்னொன்று, பிள்ளைகளிலும் ரீச்சர்மாரிலும் சைவர்கள் நிறையப் பேர், முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், திருவெம்பாவையும் அந்த நேரத்தை ஒட்டி வரும். எல்லோரும் தயங்காமல் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. செய்து பழகியவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி.


வவுனியா ஐசிங் அக்கா எழுதியது:

தங்கச்சி, மேல்பக்கத்தில் தட்டையாகக் கிடக்கிற யன்னல் என்றால் பைப்பிங் ஜெல்தான், வேறு யோசனையே வேண்டாம். சீனிக் கண்ணாடியை மழைக்காலத்தில் ஒரு முழுநாள் திறந்து வைக்க ஏலாது. சீனியை 150 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால் அதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும், அதனால்தான் அது கண்ணாடியாக உடைகிறது. அதே காரணத்தால்தான் அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கவும் செய்கிறது. முதலில் மேலே ஒட்டும், பிறகு மங்கும், பிறகு ஒரு கலர் மற்றக் கலருக்குள் வடியும். ஜெல்லில் ஏற்கெனவே பாகும் தண்ணீரும் இருப்பதால் ஈரக்காற்று அதை அவ்வளவு மாற்றாது.

இனிச் செய்முறை. நேரடியாகக் கேக்கில் வேலை செய்யாதீர்கள். பொண்டனுக்கு, அதை இறுகிக் காயவைக்கிற சிஎம்சி தூள் கொஞ்சம் போட்டுப் பிசைந்து, மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, யன்னல் வடிவத்துக்கு, அதாவது மேலே கூரான வளைவு வருகிற மாதிரி வெட்டி, தட்டையான பலகையில் காயவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் காணும், மார்கழியில் மூன்று நாளாவது விடுங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். இந்தத் தகடு சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உண்மையான யன்னலில் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, கேக்கில் பின்னால் வெளிச்சம் இல்லை. மேலிருந்து விழுகிற வெளிச்சம் ஜெல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் உங்களுக்கு அந்த மினுக்கம் கிடைக்கும். மாஜரின் ஐசிங் மஞ்சள் நிறம், அதன்மேல் நீல ஜெல் போட்டால் பச்சை அடிக்கும், சிவப்பு செங்கல் நிறமாகும். கனபேர் ஜெல்லைக் குறை சொல்கிறார்கள், பிழை அடியில் இருக்கிறது.

படத்தைக் கடதாசியில் உண்மை அளவுக்கு எடுத்து, காய்ந்த தகட்டின்மேல் வைத்து, கோடுகள் வழியே குண்டூசியால் மெல்லக் குத்துங்கள். புள்ளிகள் தெரிந்தால் காணும். கோட்டுக்கு ரோயல் ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 225 கிராம் ஐசிங் சீனி, இரண்டு மூன்று துளி தேசிப்புளி. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவது, அதனால் பச்சை முட்டையை விட மெரிங்கு பவுடரில் (உலர்ந்த வெள்ளைக்கருத் தூள்) அடிப்பது நல்லது. இரண்டாம் நம்பர் நொசிலால் இழுங்கள். கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஊசி முனையளவு இடைவெளிகூட இருக்கக் கூடாது, ஜெல் அதைக் கண்டுபிடித்து அடுத்த கட்டத்துக்குள் போய்விடும். ஃபான் காற்றில் ஒரு இரவு முழுக்கக் காயட்டும்.

ஜெல் வீட்டிலேயே செய்யலாம். ஒரு மேசைக்கரண்டி ஜெலற்றினை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் தூவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய சூட்டில் கரைத்து, கொதிக்க விடாமல், ஒரு கப் கோன் சிரப் (சோளப் பாகு) சேர்த்துச் சூடாக்கி இறக்கினால் சரி. கோன் சிரப் கிடைக்காவிட்டால் லிக்குவிட் குளுக்கோஸ், அது தடிப்பு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்குங்கள். கலருக்கு ஜெல் கலர் பல்லுக்குத்தும் குச்சி நுனியில் எடுத்தால் காணும். அதிகம் போட்டால் கண்ணாடி போய் பெயின்ற் வந்துவிடும்.

நிரப்பும்போது ஒயில் பேப்பரைக் கோன் மாதிரிச் சுற்றி, ஓரத்தில் இருந்து நடுவுக்கு வாருங்கள், கோட்டின் உயரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்துங்கள். குமிழி வந்தால் ஊசியால் குத்துங்கள். கடைசியாக, ஜெல்லை முதல்நாள் இரவு போடுங்கள், அதற்கு முதல் வேண்டாம். ஜெல்லின் ஈரம் பொண்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். உருக்கிய கொக்கோ பட்டரைத் தகட்டில் மெல்லியதாகப் பூசி விட்டால் இன்னும் நேரம் பிடிக்கும்.


கிளிநொச்சி ஓவன் எழுதியது:

அக்கா சொன்னது தட்டையான யன்னலுக்குச் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சீனிக் கண்ணாடியை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் இல்லை. நிமிர்ந்து நிற்கிற ஒரு துண்டு, பின்னால் வெளிச்சம் விழுகிற மாதிரி, அதை ஜெல்லால் செய்ய முடியாது. விண்மீனை மட்டும் கண்ணாடியாகச் செய்து கேக்கின் பின்பக்கத்தில் நிறுத்தினால் அந்த மண்டபத்தில் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

இரண்டு கப் சீனி, முக்கால் கப் லிக்குவிட் குளுக்கோஸ், ஒரு கப் தண்ணீர். சீனி கரையும் வரைக்கும் கிளறலாம், கொதிக்கத் தொடங்கியபின் கரண்டி போடக் கூடாது, பாத்திரத்தின் சுவரில் ஒட்டுகிற சீனி மணிகளை ஈரப் பிரஷ்ஷால் கழுவி இறக்குங்கள், ஒரு மணி உள்ளே விழுந்தாலே முழுவதும் கல்லுச்சீனியாகத் திரும்பப் பார்க்கும். வெப்பமானி 149, 150 காட்டும்போது இறக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுங்கள், வளையாமல் டக்கென்று முறிந்தால் பதம். கலரை இறக்கியபின் போடுங்கள், பொங்கி ஆவி அடிக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சிலிக்கன் விரிப்பில் ஊற்றுங்கள். இந்தச் சூட்டில் பாகு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டே சுடும், கொதிதண்ணீர் மாதிரி வழிந்து போகாது. பக்கத்தில் ஒரு சட்டி குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டும்.

சிலர் பாகு உறையாமல் இருக்க தேசிப்புளி விடுவார்கள். அது சீனியை உடைத்து மணி பிடிக்காமல் காக்கும், உண்மைதான், ஆனால் கூடிவிட்டால் ஈரத்தை இன்னும் இழுக்கும். குளுக்கோஸ் போட்டால் புளி தேவையே இல்லை.

ஐசோமோல்ட் பற்றிக் கேட்டீர்கள். பீற்றூட் சீனியில் இருந்து எடுப்பது. 170 பாகை வரை காய்ச்சினாலும் சீனி போலக் கருகி மஞ்சள் அடிக்காது, ஈரத்தையும் சீனியை விட நன்றாகத் தாங்கும். தாங்கும் என்றுதான் சொல்கிறேன், மார்கழியில் அதுவும் ஒரு நாளில் மங்கத் தொடங்கும். விலை கூட, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டி வரும். அதிகம் சாப்பிட்டால் வயிற்றால் போகும், அதனால் அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள், பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பைக்கற்றைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்து மூடி, மண்டபத்தில் கடைசி நிமிடம் எடுத்து நிறுத்துங்கள். பிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்த உடனே வேர்க்கும், அதோடு முடிந்தது.

அப்புறம் ஒன்று. பாடசாலை என்பதால் சொல்கிறேன், வண்ணக் கண்ணாடி பிஸ்கற் யோசியுங்கள். பட்டர் பிஸ்கற் மாவை விண்மீனாக வெட்டி, நடுவில் சின்ன ஓட்டை எடுத்து, உள்ளே ஒளி தெரிகிற பழ டொபியை நொறுக்கி நிரப்பி, ஓவனில் 175 பாகையில் கடைசி ஐந்து நிமிடம் வைத்தால் அது உருகிக் கண்ணாடியாகப் பரவும். ஆறியபின்தான் தாளில் இருந்து எடுக்க வேண்டும். டொபி ஏற்கெனவே அந்தப் பதத்துக்குக் காய்ச்சியது என்பதால் வெப்பமானியும் வேண்டாம், கை சுடுகிற பயமும் குறைவு. ஒவ்வொன்றாகப் பையில் சீல் பண்ணிக் கொடுத்தால் மழையும் ஒன்றும் செய்யாது.


சிலாவத்துறை கடற்பாசி எழுதியது:

தங்கச்சி கேட்ட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பில் இருந்து எடுப்பது. முட்டை போட்ட கேக்கை விரும்பிச் சாப்பிடுகிற சைவக்காரர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள்கூட இதைத் தெரிந்தால் தொட மாட்டார்கள். நாங்களும் ஹலால் குறி இல்லாத ஜெலற்றினைத் தொடுவதில்லை. பாடசாலை விழாவில் ஒரு பிள்ளை தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பது நல்லாயில்லை. அதனால் முதலில் ஜெலற்றினை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

எங்கள் வீடுகளில் நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சாத நாள் குறைவு. கடற்பாசித் தூள், அதுதான் அகர் அகர், ஒரு கப் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் நன்றாக இறுகும். கிளறிக்கொண்டே முழுதாக இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும், இல்லையென்றால் மணி மணியாக நிற்கும். கரைந்தபின் அரைக் கப் சீனி. பிறகு கிண்ணங்களில் பிரித்துக் கலர் போட்டு, தட்டையான தட்டுகளில் மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு ஊற்றுங்கள். பிரிட்ஜ் இல்லாமலே இறுகிவிடும், 40 பாகைக்குக் கீழே வந்தால் போதும். இறுகியதைத் திரும்ப உருக்க 85 பாகை வரை சூடு வேண்டும். ஜெலற்றின் 35 பாகையிலேயே தளரும், எங்கள் சித்திரை வெயிலுக்கு அது தானாகவே உருகி ஓடும், கடற்பாசி அசையாது. வெயில் காலத்தில் கேக் செய்கிறவர்கள் எல்லோரும் இதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் ரோயல் ஐசிங் கட்டங்களுக்குள் சூடாக ஊற்றாதீர்கள், சுவர் கரையும். தட்டில் இறுகியதைக் கடதாசி அச்சு வைத்துக் கூரான கத்தியால் வெட்டி, ஒவ்வொரு துண்டாக இடத்தில் அடுக்குங்கள். பிறகு துண்டுகளுக்கு நடுவில் கோடு இழுங்கள். கடற்பாசி நேரம் போகப் போகக் கொஞ்சம் தண்ணீர் விடும், சீனி கூட இருந்தால் குறைவாக விடும். அதனால் விழா அன்று காலையில்தான் அடுக்க வேண்டும், பொண்டனை விடப் பட்டர் ஐசிங்மேல் அது நன்றாக இருக்கும்.

கட்டங்களுக்குள் நிரப்பத்தான் வேண்டும் என்றால் கோன்பிளவர் (சோள மா) ஜெல். ஒரு கப் தண்ணீர், அரைக் கப் சீனி, இரண்டு மேசைக்கரண்டி கோன்பிளவர், எல்லாவற்றையும் குளிராக இருக்கும்போதே கலக்கி, வெள்ளை மாறி உள்ளே தெரிகிற பதம் வரும்வரை காய்ச்சி, இறக்கியபின் இரண்டு துளி தேசிப்புளி. ஜெலற்றின் ஜெல் அளவுக்குத் தெளிவு வராது, நீலமும் சிவப்பும் நன்றாக இருக்கும், மஞ்சள் கொஞ்சம் மங்கல். தண்ணீரில் பாதியைக் குறைத்துக் குளுக்கோஸ் விட்டால் இன்னும் மினுங்கும். பிரிட்ஜில் ஒரு நாள் வைத்தால் வெண்மையாகிவிடும், அன்றன்று செய்யுங்கள். கடையில் வாங்குகிற பைப்பிங் ஜெல்லிலும் ஜெலற்றின் இல்லாதது உண்டு, லேபிளைப் படித்து எடுங்கள்.


புதுக்குடியிருப்பு, இப்போது பாரிஸ் எழுதியது:

கேக் செய்முறையில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, யன்னலைப் பற்றிச் சொல்லலாம். இங்கே சான்ற் ஷப்பெல் என்று ஒரு தேவாலயம் இருக்கிறது, ஒன்பதாம் லூயி மன்னர் கட்டியது, 1248இல் அர்ச்சிப்பு. மேல்தளத்தில் 15 யன்னல்கள், பெரியவை ஏறக்குறைய 15 மீற்றர் உயரம், சுவரே இல்லாதது போலத் தோன்றும். ஊரில் இருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன், அதனால் அந்தக் கண்ணாடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, அந்தக் கறுத்தக் கோடு அலங்காரம் இல்லை, அது ஈயப் பட்டி. இரண்டு பக்கமும் தவாளிப்பு உள்ள ஈயக் கம்பிக்குள் கண்ணாடித் துண்டுகளைச் செருகி, சந்திகளில் பற்றவைக்கிறார்கள். ஈயம்தான் யன்னலைத் தாங்குகிறது. ஆகவே எந்தக் கோடும் நடுவானில் நிற்காது, ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டிலோ சட்டத்திலோ போய் முடியும். வானத்தில் தனியாக ஒரு விண்மீனைக் கீறினால் அது ஸ்ரிக்கர் மாதிரி இருக்கும். விண்மீனின் முனைகளில் இருந்து கோடுகளை ஓரம் வரை நீட்டி வானத்தையும் துண்டுகளாக உடையுங்கள், அப்போதுதான் யன்னல். ஒவ்வொரு துண்டிலும் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போடுங்கள், பழைய கண்ணாடியில் இரண்டு துண்டு ஒரே நிறமாக இருப்பது அரிது.

இரண்டாவது, முகம், கை, துணியின் மடிப்பு எல்லாம் ஈயத்தால் செய்வதில்லை. கண்ணாடியின்மேல் கடும் நிறப் பூச்சால் வரைந்து சூளையில் சுட்டுப் பிடிக்க வைப்பார்கள். கேக்கில் அதை எப்படிச் செய்யலாம் என்றால், வெள்ளைத் தகட்டில் சாப்பிடக்கூடிய பேனையால் முதலில் மெல்லியதாகக் கீறிவிட்டு, அதன்மேல் ஜெல் நிரப்பலாம் என்று நினைக்கிறேன். குழந்தை இயேசுவின் முகத்துக்குத் தடித்த ஐசிங் கோடு போட்டால் வடிவாக இராது. பேனைக் கோடு ஜெல்லில் கரையுமா என்பதை அக்காமார்தான் சொல்ல வேண்டும்.


மல்லாவிக் குசினி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி, எழுதி எடுத்து வைத்திருக்கிறேன். ஜெலற்றின் வேண்டாம் என்று முடிவு. மேலே வெள்ளைத் தகடு, அதில் ஜெலற்றின் இல்லாத கடை ஜெல், கிடைக்காவிட்டால் குளுக்கோஸ் விட்ட கோன்பிளவர் ஜெல். பிள்ளைகளுக்கு டொபி நிரப்பிய விண்மீன் பிஸ்கற் தனியாகப் பையில். நிமிர்ந்து நிற்கிற சீனி விண்மீன் ஆசையாகத்தான் இருக்கிறது, மழை விட்டால் பார்ப்போம்.

அக்கா, கறுப்பு ரோயல் ஐசிங் பற்றி ஒரு பயம் இருக்கிறது. கறுப்பு வருவதற்கு நிறையக் கலர் போட வேண்டும், அந்தக் கலர் ஈரமான ஜெல்லுக்குள் இறங்கி மஞ்சளை அழுக்காக்கிவிடாதா? அதோடு பேனைக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். தகடு பெரியது, 30 சென்ரிமீற்றருக்கு 40. வானில் குலுங்கினால் வெடிக்குமா?


வவுனியா ஐசிங் அக்கா எழுதியது:

கறுப்பு இறங்கும், பயம் நியாயமானது. கலர் கூடினால் ஐசிங்கும் சரியாகக் காயாது. பாரிஸ்காரர் ஈயம் என்று சொன்னதில்தான் இதற்கும் வழி இருக்கிறது: ஈயம் கறுப்பு இல்லை, கடும் சாம்பல் நிறம். நீங்களும் கடும் சாம்பலாகக் கலக்குங்கள், கலர் பாதிதான் செலவாகும், கண்ணுக்கு இன்னும் உண்மையாகத் தெரியும். கலந்த ஐசிங்கை மூடி ஒரு இரவு வைத்தால் தானாகவே கறுத்து வரும், அதனால் முதலே கறுப்பாக்க வேண்டியதில்லை. சொக்கலேற் கோடு யாரும் சொன்னால் கேட்காதீர்கள், நல்ல சொக்கலேற் உடம்புச் சூட்டிலேயே உருகுவது, மூடிய வானுக்குள் நிற்காது.

பேனைக் கோடு கொஞ்சம் கரையும். கீறி நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் கொக்கோ பட்டரை ஒருமுறை பூசி, அது இறுகியபின் ஜெல் போடுங்கள், முகம் அப்படியே நிற்கும். முகத்துக்கு ஜெல்லில் கலர் அதிகம் வேண்டாம், ஒரு துளி பழுப்பு காணும். நல்ல யோசனை அது, நானும் இனி அப்படித்தான் செய்யப் போகிறேன்.

தகடு பெரிதாக இருப்பதால் ஒரே துண்டாக வேண்டாம். நடுவால் நெடுக்காக ஒரு ஈயக் கோடு வருகிற மாதிரிப் படத்தை மாற்றி, இரண்டு தகடாக வெட்டுங்கள், மண்டபத்தில் சேர்த்து வைத்துவிட்டு அந்த நடுக்கோட்டை அங்கேயே இழுத்து மூடலாம். தேவாலய யன்னல்களே அப்படிப் பல பலகைகளாகத்தானே இருக்கின்றன, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தகடுகளை ரெஜிபோமில் (வெள்ளை நுரைப் பலகை) படுக்க வைத்து, மூடி ஜெல்லில் முட்டாத உயரமான பெட்டியில், வானின் நிலத்தில் வையுங்கள். சீற்றில் வைத்தால் சரியும், மடியில் வைத்தால் சூடு. கேக் தனியாக வரட்டும். ஜெல்லை வீட்டில் முதல்நாள் இரவு முக்கால்வாசிதான் நிரப்புங்கள், மண்டபத்தில் வைத்தபின் மிச்சத்தை விட்டால் பயணத்தில் ஓரம் வழியாது, மேற்பரப்பும் புதிதாக மினுங்கும்.

இன்னொன்று, ஊதா நிறம் வேண்டாம். ரியூப் லைற்றும் பகல் வெளிச்சமும் பட்டால் அதில் உள்ள சிவப்பு முதலில் வெளிறி வெறும் நீலமாகிவிடும். காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் யன்னலோரம் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஒட்டுசுட்டான் வாசகி எழுதியது:

நான் கேக் செய்பவள் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்து மண்டபங்கள் எனக்குத் தெரியும். இரண்டு விடயம் யாரும் சொல்லவில்லை. ஒன்று எறும்பு. பாகு ஜெல் என்றால் அரை மணித்தியாலத்தில் வரிசை கட்டிவிடும், மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், மேசைச்சீலை நிலத்தில் முட்டக் கூடாது, அது அவற்றுக்குப் பாலம். மற்றது ஈசல். மழை விட்ட பின்னேரம் லைற் போட்ட உடனே வந்து விழும். ஜெல் காயாமல் ஒட்டுகிற சாமான் என்கிறீர்கள், விழுகிற ஈசல் எல்லாம் அதில்தான் ஒட்டும், எடுத்தாலும் இறகு நிற்கும். வெட்டும் நேரம் வரை கண்ணாடிப் பெட்டியோ வலைக்கூடையோ போட்டு மூடிவையுங்கள், மேசையை லைற்றுக்கு நேர்கீழே போடாமல் ஒரு பக்கமாகப் போடச் சொல்லுங்கள்.


மல்லாவிக் குசினி எழுதியது:

ஈசலை நான் நினைக்கவே இல்லை, மிக்க நன்றி அக்கா. ரீச்சரிடம் மேசை பற்றி இன்றே கதைக்கிறேன். கடைசியாக ஒன்று, 30க்கு 40 தகட்டுக்கு எவ்வளவு ஜெல் வாங்க வேண்டும்?


வவுனியா ஐசிங் அக்கா எழுதியது:

1200 சதுர சென்ரிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் உயரம் என்றால் 240 மில்லிலீற்றர், அதாவது ஒரு கப். கோடுகள் பிடிக்கிற இடம் கழிந்தாலும் கோனில் ஒட்டி வீணாவது இருக்கும், ஒன்றரைக் கப் எடுங்கள். பாதியை நீலத்துக்கு ஒதுக்குங்கள், வானம் பெரிது. மஞ்சளைக் கடைசியாக நிரப்புங்கள், பக்கத்துக் கலர் ஏதும் சிந்தினால் அதில்தான் முதலில் தெரியும். முடிந்ததும் படம் போடுங்கள், பிளாஷ் போடாமல் பக்கவாட்டில் இருந்து எடுங்கள்.